டைமிங் பெல்ட்: செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் கேட்க மறக்கும் கேள்வி!

சின்ன காஞ்சிபுரத்தில் இருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகும் இளைஞர் முதல் கார் வாங்க நினைத்தால், பட்ஜெட்டுக்குள் கண்ணில் படுவது செகண்ட் ஹேண்ட் கார்தான். டயர் பார்ப்பார், ஏசி போட்டுப் பார்ப்பார், மைலேஜ் கேட்பார். ‘டைமிங் பெல்ட் எப்போ மாத்தினீங்க?’ என்று மட்டும் கேட்கமாட்டார். இன்ஜினின் ஆயுளே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அது என்ன செய்கிறது?

பிஸ்டன்களோடு சேர்ந்து கீழே சுற்றுவது கிராங்க்‌ஷாஃப்ட். மேலே வால்வுகளைத் திறந்து மூடுவது கேம்‌ஷாஃப்ட். கிராங்க் 2 சுற்று சுற்றினால் கேம் 1 சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு பிசகாமல் இரண்டையும் இணைப்பதுதான் பல் வைத்த இந்த ரப்பர் பெல்ட்.

தறியை வைத்துப் பார்த்தால் சட்டெனப் புரியும். மிதியை மிதித்ததும் பாவு இழைகள் பிரியும். அந்த இடைவெளியில் நாடா ஓட வேண்டும். நாடா பாதி வழியில் இருக்கும்போதே பாவு மூடினால் இழை அறும். இன்ஜினிலும் அதே கதைதான். பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும். ஆனால், ஓட்ட வேகத்தில் பிஸ்டன் மேலே வந்துகொண்டே இருக்கும். பல இன்ஜின்களில் அது திறந்து நிற்கும் வால்வில் முட்டி, வால்வை வளைத்துவிடும். 3,000 ஆர்.பி.எம்-மில் ஒரு வால்வு விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. சுதாரிக்க நேரமே கிடைக்காது.

எல்லா காருக்கும் உண்டா?

இல்லை. மாருதி 800, 1998-ல் வந்த ஹூண்டாய் சான்ட்ரோ போன்றவற்றில் பெல்ட். பழைய ஸ்விஃப்ட் டீசலில் செயின். செயினுக்கு மாற்றும் கெடு பொதுவாக இருக்காது. ஆனால் ஆயிலை ஒழுங்காக மாற்ற வேண்டும்.

எப்போ மாத்தணும்?

காருக்குக் கார் வேறுபடும். பல கார்களில் 60,000 முதல் 1,00,000 கி.மீ. வரை, கூடவே ஆண்டுக் கணக்கும் உண்டு. ‘என் வண்டி ஓடவே இல்லையே’ என்பது பதில் ஆகாது. நின்ற இடத்திலும் ரப்பர் முதுமை அடையும். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்தருள இது அத்தி வரதர் இல்லை! கையேட்டில் கி.மீ., ஆண்டு இரண்டில் எது முதலில் வருகிறதோ, அதுதான் கெடு. மாற்றும்போது டென்ஷனரையும், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் என்றால் அதையும் சேர்த்து மாற்றுவதே லாபம். இல்லாவிட்டால் அதே கூலியை இரண்டு முறை தர வேண்டியிருக்கும்.

யார் பொறுப்பு?

ஃபேன் பெல்ட் கிறீச்சிட்டுக் காட்டிக்கொடுக்கும். டைமிங் பெல்ட் மூடிக்குள் இருக்கும். பெரும்பாலும் சொல்லாமலேயே அறும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 என்ற படிவங்களைக் கேட்கிறோம், இன்ஷூரன்ஸ் கேட்கிறோம். பெல்ட் மாற்றிய பில்லை யாரும் கேட்பதில்லை. பழைய கார் டீலர்களுக்கான மத்திய அரசின் விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. வண்டி எதற்காக, எவ்வளவு தூரம் ஓடியது என்று பதியச் சொல்லும் அரசு, பெல்ட் மாற்றிய தேதியையும் விற்பவர் எழுதித் தர வேண்டும் எனச் சொல்லலாமே? அதற்கு ஆகும் செலவு ஒரு வரி மை மட்டும்தான்.

அந்த விதி வரும்வரை வழி ஒன்றுதான். பில் இருந்தால் நம்பலாம். இல்லையென்றால், பெல்ட் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, அந்தச் செலவைக் கழித்து விலை பேச வேண்டும். வாங்கியதும் முதல் வேலையாக வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட வேண்டும்.