கேட்பதை முதலில் கேட்க வேண்டும்

நகரின் மையப் பகுதியில் எவ்வளவு உயரம் கட்டலாம், எவ்வளவு நெருக்கமாகக் குடியேறலாம் என்பதைத் தமிழ்நாட்டில் தீர்மானிப்பது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். முழுமைத் திட்டத்தின் வரைவு தயாரானதும் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபம் தெரிவிக்க மக்களுக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். வீட்டைக் கட்டி வர்ணமும் பூசிய பிறகு, சமையலறை எந்தப் பக்கம் வேண்டும் என்று குடிவருபவரிடம் கேட்பதற்கு இது சமம். சென்னைக்கு மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிவரும் இந்த நேரத்தில் மாற வேண்டியது இந்த வரிசைதான்.

தியாகராய நகரைப் பார்த்தாலே இதன் விளைவு புரியும். 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில், ஏரியைத் தூர்த்து, வரைபடம் போட்டு உருவாக்கிய குடியிருப்பு அது. நடுவில் பனகல் பூங்கா, சுற்றிலும் தெருக்கள், கிணறும் தென்னையுமாகத் தனித்தனி வீடுகள். இன்று மாநிலமே துணியும் நகையும் வாங்க வரும் கடைவீதி. ஆனால் உஸ்மான் சாலைக்கும் ரங்கநாதன் தெருவுக்கும் பின்னால் இருக்கும் தெருக்களில் இன்னமும் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள் என்பது திட்டம் போடுகிறவர்களுக்கு மறந்துபோகிறது. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலைத் துணிக்கடை ஒன்றில் பிடித்த தீ மறுநாளும் அடங்கவில்லை. கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. புகையையும் தூசியையும் சுவாசித்தவர்கள் அந்தப் பின்தெருக்காரர்கள்.

நெரிசலை நிர்ணயிக்கும் அளவுகோல் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் அது. 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், சாதாரணக் கட்டடங்களுக்கு இதை 1.5இலிருந்து 2 ஆக்கின. அடுக்குமாடி உயரக் கட்டடங்களுக்கு 3.25. ஒரு கிரவுண்டு மனையில் 3,600 சதுர அடி கட்டலாம் என்றிருந்தது 4,800 ஆனது. 18 மீட்டர் அகலச் சாலையை ஒட்டிய மனை என்றால் பணம் கட்டி இன்னும் 50 சதவீதம் வரை வாங்கலாம். ஒரு குடும்பம் இருந்த பழைய வீடு இடிபட்டு, கீழே வாகன நிறுத்தம், மேலே எட்டு வீடுகள் என்று எழும்புகிறது. தெருவின் அகலம் அதேதான். ஒரு குடும்பத்துக்காகப் பதித்த கழிவுநீர்க் குழாயில் இப்போது எட்டுக் குடும்பங்கள். விடியற்காலையில் தண்ணீர் லாரி வந்து நின்றால் பள்ளி வேன் திரும்ப இடமில்லை. இத்தனை வீட்டை இந்தத் தெரு தாங்குமா என்ற கேள்விக்கு, மேன்ஹோல் எந்த மழைக்கு நிரம்பும் என்று தெரிந்த அந்தத் தெருக்காரர்தான் முதல் நிபுணர்.

நெருக்கமே தப்பு என்று வாதிடுவது சரியல்ல. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் மெட்ரோ பாதை பனகல் பூங்காவுக்கு அடியில் வருகிறது. ரயிலுக்குப் பக்கத்தில் நிறையப் பேர் குடியிருப்பது நகரத்துக்கு நல்லது. சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும் கூடிப் புதியவர்களுக்குக் கதவைச் சாத்துவதைக் கருத்துக்கேட்பு என்று சொல்லவும் முடியாது. வாடகைக்கு இருப்பவர், கடைச் சிப்பந்தி, கண்ணம்மாபேட்டைக் கூலித் தொழிலாளி என எல்லோரும் அந்த இடத்துக்கு உரியவர்களே. நலச்சங்கத்தின் லெட்டர்பேடில் இவர்கள் பெயர் ஏறுவது அபூர்வம்.

மூன்றாவது திட்டத்துக்கான தொலைநோக்கு ஆவணத்துக்காகச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) பொதுமக்களிடம் முன்கூட்டியே கருத்துக் கேட்டது. பாராட்ட வேண்டிய தொடக்கம். ஆனால் சென்னை எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பசுமையாக, சுத்தமாக என்றுதான் எவரும் பதில் சொல்வார். உங்கள் தெருவில் ஐந்து மாடி வரலாமா, வந்தால் முதலில் எந்தக் குழாயை மாற்ற வேண்டும் என்று கேட்டால்தான் பயனுள்ள பதில் கிடைக்கும்.

சாலையோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடத்தைத் தருகிறது. நடைமுறையில் குறைகள் இருந்தாலும், முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி உண்டு. குடியிருப்போருக்கு இருப்பதோ ஆட்சேப மனு எழுதும் உரிமை மட்டுமே. அந்த மனுவின் மதிப்பும் அரித்துப்போயிருக்கிறது. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் கொண்டுவந்த 113-ஏ பிரிவு விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்தியது. ஒரே ஒரு முறை என்று வந்த அந்தச் சலுகையின் காலக்கெடு ஆண்டுதோறும் நீண்டது. விதிக்குக் கட்டுப்பட்டுக் கட்டியவரும், மீறலைப் பார்த்துப் புகார் எழுதியவரும் ஏமாந்து நின்றார்கள்.

வழி ஏற்கனவே சட்டத்தில் இருக்கிறது. வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022இல் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். தெருவிளக்கையும் குப்பைத் தொட்டியையும் பற்றிப் பேசும் அந்தச் சபைகளுக்கு எஃப்.எஸ்.ஐ. விஷயமும் வர வேண்டும். சென்னையின் 200 வார்டு அலுவலகங்களிலும் ஒரு வரைபடம் தமிழில் தொங்க வேண்டும்: தெருவின் அகலம், கழிவுநீர்க் குழாயின் விட்டம், அங்கே கட்ட அனுமதிக்க உத்தேசிக்கும் அளவு. சபை அதைப் பார்த்துப் போடும் தீர்மானம் வரைவு எழுதுவதற்கு முன்பே சி.எம்.டி.ஏ.வுக்குப் போக வேண்டும். ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு எழுத்தில் பதில் வர வேண்டும். அந்தப் பதில் அடுத்த சபைக் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும்.