நீர் அதைக் காணேல்லையே?

போன வருஷம் ஒரு சின்ன வாசிப்பு வட்டத்தில் என்ர சிறுகதை ஒன்றை வாசித்தேன். 1995 ஒக்டோபர் 30, வலிகாமம் இடம்பெயர்வு. நாவற்குழிப் பாலத்தால் ஒரு குடும்பம் தென்மராட்சிக்குப் போகிறது. அந்தக் குடும்பத்துக் கிழவர் ஒரு பனையோலைப் பைக்குள் கோழி ஒன்றைப் போட்டுக் கொண்டு வருகிறார். இரவு முழுக்க அந்தக் கோழி கத்தக் கூடாது என்று அவர் படும் பாடுதான் கதை.

வாசித்து முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஒரு ஐயா கேட்டார்.

“பிள்ளை, நீர் எத்தினையாம் ஆண்டு பிறந்தனீர்?”

“2000, ஐயா.”

“அப்ப நீர் அதைக் காணேல்லையே. பிறகு என்னெண்டு எழுதினனீர்?”

அவர் என்னை மட்டந்தட்டக் கேட்கவில்லை. அந்தப் பாலத்தால் நடந்து வந்தவர் அவர். கேள்வியும் நியாயமானதுதான். எனக்குத்தான் பதில் வரவில்லை. “அம்மா சொன்னவ” என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு இருந்துவிட்டேன்.

அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. எங்கட வயசுக்காரருக்கு அது சின்னக் கேள்வி இல்லை. 2009இல் எனக்கு ஒன்பது வயது. போர் என்றால் எனக்கு, பெரியாக்கள் கதைத்துக்கொண்டிருந்து, பிள்ளைகளைக் கண்டதும் நிப்பாட்டிவிடுகிற கதை. கண்டவர்தான் எழுதலாம் என்றால் எங்கட தலைமுறை எதை எழுதுவது? பெற்றோல் வரிசையையும் ஏ.எல். சோதனையையும் மட்டுமா?

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கொஞ்சக் காலமாய் நாவல்களும் படங்களும் பார்க்கிறேன். அதில் எனக்குப் பிடித்த மூன்று நாவல்களையும் ஒரு படத்தையும் பற்றிச் சொல்கிறேன். நாலுக்கும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. நாலையும் செய்தவர்கள் “அங்க நிண்டவர்கள்” இல்லை.

முதலாவது வி.வி. கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’. 2023இல் வந்து, 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்றது. ஆங்கிலத்தில்தான் வாசித்தேன், ஃபோனில் அகராதியையும் திறந்து வைத்துக்கொண்டு. கதை 1981இல் யாழ்ப்பாணத்தில் தொடங்குகிறது. சஷிக்கு டொக்டராக வேண்டும். மூன்று அண்ணன், ஒரு தம்பி. தொடக்கத்திலேயே சுடுதண்ணி ஊற்றுப்பட்டு அவள் துடிக்கும்போது, அயலில் இருக்கும் கே. என்ற பெடியன் ஓடிவந்து பச்சை முட்டையை உடைத்துக் காயத்தில் ஊற்றுகிறான். அவனும் டொக்டராக ஆசைப்படுகிறவன். பிறகு அதே பெடியன் இயக்கத்துக்குப் போய், ஒரு நாள் உண்ணாவிரத மேடையில் படுத்திருக்கிறான்.

நூலகம் எரிவது, 83, இந்திய இராணுவம் வருவது எல்லாம் நாவலில் உண்டு. அந்தத் திகதிகள் எங்களுக்குத் தெரியும். ஒரே வீட்டில் ஒருவரைக் கொன்றுபோட்டு, ரெண்டு பேர் இயக்கத்துக்குப் போன பிறகு, மிச்சம் இருக்கிறவை எப்படி ஒன்றாயிருந்து சாப்பிடுவினம் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. சஷிக்கு எல்லாரிலும் கோபம். அரசாங்கத்தில், இந்திய இராணுவத்தில், இயக்கத்தில், தன்னிலும்தான். ஆனால் இயக்கத்துக்குப் போன அண்ணன்மாரை நேசிப்பதை அவள் விடுவதில்லை. “அப்ப எழுதினவ எந்தப் பக்கம்?” என்று என்ர சிநேகிதன் கேட்டான். நாவலை வாசித்து முடித்தவனுக்கு அந்தக் கேள்வி வராது என்று சொன்னேன். அவன் இன்னும் வாசிக்கவில்லை.

கணேசானந்தன் அமெரிக்காவில் வளர்ந்தவர். இந்த நாவலை எழுதி முடிக்க அவருக்கு ஏறத்தாழ இருபது வருஷம் எடுத்திருக்கிறது. நான் இப்போது இருக்கிற வயசை விடக் கொஞ்சம்தான் குறைவு.

ரெண்டாவது ஷெஹான் கருணாதிலகவின் ‘த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா’, 2022இல் புக்கர் பரிசு பெற்றது. இதைப் பற்றிக் கனக்கப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாய்ச் சொல்கிறேன். போர்ப் படப்பிடிப்பாளன் மாலி செத்துப்போய் மறுவுலகத்தில் கண் விழிக்கிறான். மறுவுலகம் எப்படி இருக்கிறது? கச்சேரி மாதிரி இருக்கிறது. வரிசை, தள்ளுமுள்ளு, படிவம், பதில் சொல்லாத அலுவலர். இலங்கையில் பிறந்த எவருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. தன்னைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்கவும், கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைத்த படங்களை வெளியே கொண்டுவரவும் அவனுக்கு ஏழு நிலவுகள்தான் தவணை. நான் விழுந்து விழுந்து சிரித்த நாவல் இது. சிரித்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே புத்தகத்தை மூடி வைக்க வேண்டியும் வந்தது. கதை நடக்கும் காலத்தில் கருணாதிலக பள்ளிக்கூடப் பெடியன்.

இந்த ரெண்டு நாவல்களையும் அடுத்தடுத்து வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மாலிக்கு மறுவுலகத்தில் வழிகாட்டுகிற டொக்டர் ராணி, கொல்லப்பட்ட ஒரு தமிழ் விரிவுரையாளர். சஷிக்கு உடற்கூற்றியல் படிப்பிக்கிற அஞ்சலி அக்காவும் நடந்ததை எழுதிவைக்கிறார், அதற்காகவே கொல்லப்படுகிறார். வாசிக்கிற எவருக்கும் ரஜனி திராணகம ஞாபகம் வருவார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தவர், ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வரில் ஒருவர், 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டவர். அவரை ஒருநாளும் சந்தித்திருக்க வழியில்லாத ரெண்டு எழுத்தாளர்கள், ஒருவர் சிங்களவர், மற்றவர் அமெரிக்கத் தமிழர், ரெண்டு வருஷ இடைவெளிக்குள் தங்கள் கதைகளுக்குள் அவருக்கு ஒரு கதிரை போட்டிருக்கிறார்கள். அவர் நடந்த ஊரிலேயே பிறந்த எனக்கு, அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொன்னதில்லை. நாவல் வாசித்துத்தான் தேடிப் போனேன்.

மூன்றாவதுதான் எனக்கு அந்த ஐயாவின் கேள்விக்குக் கிட்டவாக வந்தது. அனுக் அருட்பிரகாசத்தின் ‘அ பாசேஜ் நோர்த்’, 2021இல் புக்கர் குறும்பட்டியலுக்கு வந்த நாவல். உண்மையைச் சொன்னால் முதல் ஐம்பது பக்கம் அலுத்தது. ஒரு வசனம் பக்கக் கணக்கில் நீளும். ஆட்கள் கதைப்பதே குறைவு. ஒரு வரியில் கதையைச் சொல்லிவிடலாம். அப்பம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த ராணி ஊரில் கிணற்றுக்குள் விழுந்து செத்துப்போனார் என்று செய்தி வர, கிருஷன் கொழும்பிலிருந்து ரயில் ஏறி வடக்குக்குச் செத்த வீட்டுக்குப் போகிறான். ராணி போரில் ரெண்டு மகன்மாரையும் இழந்தவர். கிருஷன் போர் முடியும்போது டெல்லியில் படித்துக்கொண்டிருந்தவன்.

அந்தக் குற்றவுணர்ச்சியில் அவன் இணையத்தில் படம் படமாய், காணொளி காணொளியாய்த் தேடிப் பார்க்கிறான். தான் காணாத இடத்தை மனதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாய்க் கட்டுகிறான். அந்த இடத்தில் நாவல் பூசலாருக்குப் போகிறது. பள்ளிக்கூடத்தில் சமய பாடத்தில் படித்த அதே பூசலார் நாயனார்தான். கையில் காசில்லை. அதனால் மனதுக்குள்ளேயே கோயில் கட்டுகிறார். அத்திவாரம், மதில், குளம், ஒன்றும் விடாமல். காஞ்சியில் அரசன் கல்லால் கட்டிய கோயிலுக்கும் அதே நாளில்தான் குடமுழுக்கு. சிவபெருமான் அரசனின் கனவில் வந்து, “நீ வேறு நாள் வை, நான் பூசலின் கோயிலுக்குப் போகவேணும்” என்கிறார். அரசன் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு கல்லும் இல்லை.

ஓ.எல். சோதனைக்கு இதைப் பாடமாக்கினபோது எனக்கு இதில் ஒன்றும் தெரியவில்லை, அஞ்சு புள்ளிக் கேள்வி என்பதைத் தவிர. இப்போது யோசித்தால், புனைவைப் பற்றி எங்களிடம் இருக்கிற மிகப் பழைய நியாயம் இதுதான் போலக் கிடக்கு. கல் இல்லை. ஆனால் ஒவ்வொரு படியும் அளந்து கட்டினது. சாமி அங்கதான் முதலில் போனார்.

“அளந்து கட்டினது” என்பதை நான் விடப்போவதில்லை. காணாதவர் எழுதலாம் என்று சொல்வதற்கும், எப்படியும் எழுதலாம் என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ 1994இல் வந்த அருமையான நாவல். 2020இல் தீபா மேத்தா அதைப் படமாக்கினபோது, முக்கிய பாத்திரங்கள் பேசுகிற தமிழைக் கேட்டு எங்கட ஆக்கள் கொதித்துப் போனார்கள். அந்தக் கோபம் சரியானது. 83இல் ஒரு சொல்லை எப்படி உச்சரிக்கிறாய் என்பதில் உயிர் தங்கியிருந்தது. அந்தக் கதையைச் சொல்ல வருகிறவருக்கு உச்சரிப்பு ஒரு சின்ன விசயமாய் இருக்க முடியாது. அங்கே பிழை, இயக்குநர் 83இல் கொழும்பில் நிற்காதது இல்லை. எங்களைக் காது குடுத்துக் கேட்காதது.

இப்ப நாலாவதுக்கு வாறன். 2025இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. அபிஷன் ஜீவிந்த் என்ற இளம் இயக்குநரின் முதல் படம். பொருளாதார நெருக்கடி தாங்காமல் தர்மதாஸ் குடும்பம் வள்ளத்தில் இராமேஸ்வரம் போய், சென்னையில் ஒளிந்து வாழ்கிறது. 2022 மார்ச்சில் தனுஷ்கோடியில் அப்படிப் போய் இறங்கியவர்களின் செய்தியை நாங்கள் மறக்கவில்லை. படத்தில் இந்தக் குடும்பத்தின் பெரிய ஆபத்து அவர்களின் வாய்தான். கதைத்தால் பிடிபட்டுவிடுவார்கள்.

நானும் முதல் அரை மணித்தியாலம் சோதனைத்தாள் திருத்துகிற வாத்தியார் மாதிரித்தான் பார்த்தேன். சசிகுமாருக்கு இந்த இடத்தில் வழுக்குது, சிம்ரனுக்கு அந்தச் சொல் வரேல்ல என்று. வேறு குறைகளும் உண்டு. தமிழ்நாட்டில் நூறுக்கும் மேற்பட்ட முகாம்களில் எங்கட சனம் பத்துப் பத்து வருஷமாய் இருக்கிறது. அந்த முகாம்களின் நிழல்கூடப் படத்தில் விழவில்லை. எல்லாரும் இவ்வளவு கெதியாய் நல்லவர்களாகிறார்களே என்றும் தோன்றும்.

ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு செத்த வீடு நடக்கும்போது, யாரென்றே தெரியாத இந்தக் குடும்பம் முன்னுக்கு நின்று அலுவல் பார்க்கிறது. அதில் என்ர கையிலிருந்த சிவப்புப் பேனை விழுந்துபோனது. கடைசியில் பொலிஸ் தேடி வரும்போது, அந்தக் குடியிருப்பே இலங்கைத் தமிழில் கதைக்கத் தொடங்குகிறது. பிழையாய்த்தான் கதைக்கிறார்கள். அந்தப் பிழையான தமிழைக் கேட்டு நான் அழுதேன். எங்கட பேச்சு ஒரு படத்தில் பகிடிக்கு இல்லாமல், ஆக்களைக் காப்பாற்றுவதற்குப் பயன்பட்டதை நான் முதல் முறையாய்ப் பார்த்தது அதில்தான்.

அங்க நின்றவர்கள் எழுதியதற்கு ஈடில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’வை இயக்கத்தில் இருந்து வராத ஒருவர் எழுதியிருக்கவே முடியாது. ஆனால் அவரைப் போன்றவர்களையும் நாங்கள் விட்டுவைத்தோமா? “நீ காணேல்ல” என்று சொல்ல முடியாத இடத்தில் “நீ எந்தப் பக்கம்” என்று கேட்டோம். ரெண்டு கேள்விக்கும் வேலை ஒன்றுதான். கதையைத் திறந்து பார்க்காமலே ஒருவரைக் கதிரையில் இருத்திவிடுவது. இப்படிக் கேட்டுக் கேட்டே, எழுதக்கூடிய எத்தனை பெடியள் பெட்டையள் கவிதை நாலு வரியோடு நிப்பாட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதினவரிடம் நான் இனிக் கேட்கப் போவது ஒன்றுதான். கண்டவர்களிடம் போய் இருந்து கேட்டீரா? எவ்வளவு காலம் கேட்டீர்?

அந்தச் சிறுகதையை அம்மாவுக்கும் வாசிக்கக் குடுத்தேன். வாசித்துவிட்டுச் சிரித்தா.

“கோழி எங்க இருந்தது? அப்பிடி ஒண்டும் கொண்டு வரேல்ல.”

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. கோழி நான் இட்டுக்கட்டினது. அடுத்த நாள் குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது, நான் ஒன்றும் கேட்காமலே அம்மா சொன்னா:

“கூட்டைத் திறந்துவிட்டிட்டுத்தான் வந்தனாங்கள். பதினொரு கோழி. அப்பா பாலம் மட்டும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு வந்தவர். கோழியளுக்குத் தண்ணி வைக்க மறந்துபோனாராம்.”

மழை பெய்ததையும், குடையைக் கவிழ்த்துப் பிடித்துத் தண்ணி குடித்ததையும் அம்மா எனக்குப் பல தரம் சொல்லியிருக்கிறா. இந்தப் பதினொரு கோழியை ஒருநாளும் சொன்னதில்லை. நான் பொய்யாய் ஒரு கோழியை எழுதியிருக்காவிட்டால் இது வந்திருக்காது.

அடுத்த முறை அந்த ஐயாவைக் கண்டால் பக்கத்தில் போய் இருக்கப்போகிறேன். அந்த இரவு நீங்கள் என்ன கொண்டு வந்தனீங்கள், எதை விட்டிட்டு வந்தனீங்கள் எண்டு கேட்க வேணும்.