பெட்டி யார் காலைக் கற்றுக்கொண்டது?

"ஆயிரம் கிலோமீட்டர் ஓடட்டுங்க சார், கியர்பாக்ஸ் உங்க காலைக் கத்துக்கும்."

புது வண்டிக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பதினோராம் நாள், சர்வீஸ் கவுண்டரில் இருந்த தம்பி இதைச் சொன்னார். அடுத்த முறை போனபோது ஆயிரம் ஐயாயிரமாகியிருந்தது. அதற்கடுத்த முறை பத்தாயிரம். மூன்று வருடம் ஓடிவிட்டது, ஓடோமீட்டர் 31,000-ஐத் தாண்டிவிட்டது. அந்த வாக்கியத்துக்கு மட்டும் தேய்மானமே இல்லை. இப்போது என் மச்சான் சொல்கிறார், பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற பையன் சொல்கிறான், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வீடியோவில் கார் விமர்சிப்பவர்களும் சொல்கிறார்கள். பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எனக்கே ஒரு கட்டத்தில் என் கால் மீது சந்தேகம் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். டீசல், ஆட்டோமேட்டிக், நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள ஆஃப்ரோடு வண்டி. நாமக்கல்லிலிருந்து அம்மாவை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு கொல்லிமலை ஏறினேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறியிருப்போம், மேலிருந்து பஸ் இறங்கியது. ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, வழி விட்டேன். பஸ் போனதும் மிதித்தேன். ஒன்றுமில்லை. முள் 1,100 ஆர்பிஎம்மில் சாவகாசமாக நிற்கிறது. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். அப்போதும் இல்லை. பிறகு, நான் மிதித்ததையே மறந்த நேரத்தில், வண்டிக்கு ஞாபகம் வந்து இரண்டு கியர் இறங்கி எகிறியது. பின் சீட்டில் அம்மா மடியிலிருந்த தூக்குவாளி கவிழ்ந்து புளியோதரை முழுக்க மிதியடியில். "ஏன்டா, வண்டி யோசிக்குதா?" என்றார் அம்மா. இதைவிடத் துல்லியமாக எந்த மெக்கானிக்கும் அந்தக் கோளாறைச் சொன்னதில்லை.

இனி வக்காலத்துக்காரர்களின் வாதங்களுக்கு வருவோம்.

"ஆட்டோமேட்டிக் என்றாலே அப்படித்தான்." அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்கு ஹைட்ராமேட்டிக் கியர்பாக்ஸ் வந்தது 1939-இல். 80 வருடத்துக்கு மேல் ஆகியும் அப்படித்தான் என்றால், அதைச் சொல்லித்தானே விற்றிருக்க வேண்டும்?

"மலைக்கும் காட்டுக்கும் மேனுவல்தான் வாங்கியிருக்கணும்." ஜி-கிளாஸ், ராங்ளர் போன்ற ஆஃப்ரோடு வண்டிகளை ஆட்டோமேட்டிக்கில் விற்கிறவர்களுக்குக் காடு தெரியாது போலிருக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இன்ஜின் பக்கத்து விசிறி எண்ணெயைச் சுழற்றும். அந்த எண்ணெய் கியர் பக்கத்து விசிறியைச் சுழற்றும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இழுவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். பாறையில் ஊர்ந்து ஏற இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. கோளாறு எண்ணெயில் இல்லை.

"நல்லா அழுத்தி மிதிங்க." மிதித்தேன். முழுசாக மிதித்தால் கிக்டவுன் ஆகிப் பாய்கிறது. முன்னால் பைக்கில் குடும்பம் போகும்போது, வலப்பக்கம் பள்ளம் இருக்கும்போது, பாய்ச்சல் யாருக்கு வேண்டும்? நான் கேட்டது கைப்பிடி அளவு உப்பல்ல, ஒரு சிட்டிகை.

"பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் பழையதை மறந்துவிடும்." இன்னும் கற்றுக்கொள்ளவே இல்லை என்பதல்லவா என் புகார்! இந்த வரிசையில்தான் பெடலுக்கும் கணினிக்கும் நடுவே செருகுகிற குட்டிப் பெட்டியும் வருகிறது. நீங்கள் கால்வாசி மிதித்தால் அது அரைவாசி மிதித்ததாகப் பொய் சொல்லும். அதற்கு நானே அரைவாசி மிதித்துவிட்டுப் போகிறேன், செலவில்லாமல்.

இப்போது அந்தப் புனித வாக்கியம்: கியர் பெட்டி காலைக் கற்றுக்கொள்ளும்.

முதலில், யார் காலை? எங்கள் வீட்டில் ஓட்டுவது மூன்று பேர். என் மனைவி ஆக்சிலரேட்டரை மிதிப்பது கோலப்பொடி விடுகிற மாதிரி. என் மகன் மிதிப்பது பம்புசெட்டுக்கு உதை கொடுக்கிற மாதிரி. நான் நடுவில். பெட்டி மூவரையும் கூட்டி மூன்றால் வகுக்குமோ?

பெட்டி கற்றுக்கொள்வது உண்டு, மறுக்கவில்லை. ஒவ்வொரு கியரையும் பிடித்துவைக்க உள்ளே கிளட்ச் தட்டுகள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளியை நிரப்ப எவ்வளவு எண்ணெய், எவ்வளவு நேரம் என்று கணினி அளந்து தேய்மானத்துக்குத் தக்கபடி திருத்திக்கொள்ளும். கியர் விழும்போது குலுக்கல் குறைய அது உதவும். என் புகார் குலுக்கல் அல்ல, மௌனம். எப்போது கியரை இறக்குவது என்ற முடிவையே தாமதமாக எடுப்பவனிடம், இறக்கும் கை மிருதுவாகிவிட்டது என்று சொல்லி என்ன பயன்?

அதைவிடப் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. அந்தப் பெட்டி ஒரு காலைக் கற்றுக்கொண்டுதான் என் வீட்டுக்கே வந்தது. அது சோதனைக்கூடத்தின் கால். நம் நாட்டில் புகைக்கும் மைலேஜுக்கும் கார்களைச் சோதிக்க எம்ஐடிசி என்றொரு ஓட்ட அட்டவணை வைத்தார்கள். உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி 1,180 விநாடி ஓட்டுவது. உச்ச வேகம் 90 கிலோமீட்டர். நகரப் பகுதியில் 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 26 விநாடி. எங்கள் தெரு ஐஸ் வண்டிக்காரர்கூட அவ்வளவு நிதானம் காட்டமாட்டார். அந்த உருளையில் மேடில்லை, வளைவில்லை, எதிரே பஸ் வராது, பின் சீட்டில் தூக்குவாளி இருக்காது.

இன்னொரு பக்கம், 2022 முதல் ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி கரியமில வாயுவைக் கிலோமீட்டருக்கு 113 கிராம் என்ற அளவை ஒட்டி இறக்கச் சொல்லும் விதி. கனத்த ஆஃப்ரோடு வண்டி அந்தச் சராசரியைக் கெடுக்கும் பிள்ளை. அதை அடக்க எளிய வழி, சீக்கிரமே மேல் கியருக்குப் போ, முடிந்தவரை அங்கேயே இரு என்று கணினிக்குச் சொல்லிவைப்பது. அதனால்தான் வளைவில் மூன்றாவது கியரைக் கட்டிக்கொண்டு முள் 1,100-இல் நிற்கிறது. அந்த வேகத்தில் டர்போ தூங்கும். டர்போ காற்றைக் கொடுக்கும்வரை டீசலைக் கூட்டினால் கரும்புகை வரும் என்று கணினி டீசலையும் பிடித்துவைக்கும். எங்கள் பக்கத்து வீட்டு லாரிக்கார மாமா ஓட்டிய பழைய ஜீப்பில் காலுக்கும் பம்புக்கும் நடுவே ஒரு கம்பி இருந்தது, மிதித்தால் இழுத்தது. என் வண்டியில் பெடல் என்பது மனு கொடுக்கும் ஜன்னல். பரிசீலனைக்குப் பிறகே பதில்.

இதற்குச் சாட்சி வேண்டுமா? அடுத்த முறை கொல்லிமலை ஏறியபோது, வளைவுக்கு முன்பே லீவரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டாவது கியரில் வைத்தேன். முள் 2,000 பக்கம் நின்றது. மிதித்ததும் போனது. அதே பெட்டி, அதே எண்ணெய், அதே கால். முடிவெடுக்கும் வேலையை மட்டும் நான் வாங்கிக்கொண்டேன். எழுபது வளைவும் இப்படியே ஏறினோம், தூக்குவாளி அசையவில்லை. ஆட்டோமேட்டிக்குக்குக் கூடுதல் பணம் கட்டியவன் கையால் கியர் போட்டுக்கொண்டு போனான் என்பதையும் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது கியரை இறக்குவது என்ற கணக்கைக் கணினியில் எழுதியது மனிதர்கள். மாற்றி எழுதவும் அவர்களால் முடியும், அதற்குப் பெயர் சாப்ட்வேர் அப்டேட். ஆகவே இனி யாராவது கால், கற்றல் என்று ஆரம்பித்தால், கியர்பாக்ஸ் கணினியில் எந்த வெர்ஷன் இருக்கிறது, புதுசு வந்திருக்கிறதா என்று கேளுங்கள். பதிலை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

என்னுடைய நான்கு ஜாப் கார்டுகளிலும் ஒரே வரிதான் இருக்கிறது: "கோளாறு இல்லை. கஸ்டமருக்கு விளக்கப்பட்டது."