கூட்டாட்சியா, குத்தகை ஆட்சியா?

அரசியல் நூலோர் ஆட்சிகளை ஒற்றையாட்சி என்றும் கூட்டாட்சி என்றும் வகுப்பர். தந்த அதிகாரத்தை நடுவண் அரசே திரும்பப் பறிக்கலாம் என்றால் அது ஒற்றையாட்சி. இலண்டன் பெருநகர மன்றத்தைப் பிரித்தானிய நாடாளுமன்றம் 1986இல் இல்லாமலே செய்தது. ஒற்றையாட்சி நாடு, ஒளிக்காமல் செய்தது! கூட்டாட்சி அத்தகையதன்று. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தைப் பிளக்க அதன் சட்டமன்றம் இசைய வேண்டும். ஆஸ்திரேலியாவிலோ சட்டமன்றம் இசைந்தாலும் போதாது; எல்லையை மாற்ற அம்மாநில வாக்காளரும் இசைய வேண்டும்.

இங்கே? அரசமைப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள், தோழர்களே! மாநிலத்தின் எல்லையை, பரப்பை, ஏன், பெயரையே நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றலாம். சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்பது கடமை. ஏற்பது அவர்கள் விருப்பம்! 2014 சனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. தெலங்கானா மக்களின் வேட்கையை நான் குறை கூறவில்லை. நடந்த வழியைக் கூறுகிறேன். 2019இல் காஷ்மீரத்துக்கு அந்தச் சடங்குகூட இல்லை. சட்டமன்றம் கலைக்கப்பட்டுக் கிடந்தது. அதன் கருத்தை நாடாளுமன்றமே கூறி, நாடாளுமன்றமே கேட்டு, ஒரு மாநிலத்தை இரண்டு ஒன்றியப் பகுதிகளாக்கியது. மணமகளுக்காக மணமகனே தலையசைத்துக்கொண்ட திருமணம்!

அயனம்பாக்கம் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "அப்படியானால் மாநிலம் என்ன குத்தகைக்காரனா?" என்று கேட்டார் ஒரு முதியவர். இல்லை ஐயா, குத்தகைக்காரருக்குக் காப்பு உண்டு! 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏரிக்கரை வயலைக் குத்தகைக்கு உழுபவரை நிலக்கிழார் நினைத்தவுடன் விரட்ட இயலாது. வருவாய்க் கோட்ட அதிகாரி முன் காரணம் காட்டியாக வேண்டும். ஓர் ஏர் உழவருக்குள்ள அந்தக் காப்பு, கோடி மக்கள் வாழ்ந்த மாநிலத்துக்கு இல்லை!

"இசைவு கேட்டால் எந்த எல்லையும் என்றும் மாறாது" என்பர் தில்லியின் தாசர்கள். திருத்தணி எப்படி வந்ததாம்? படாஸ்கர் நடுவராக நின்று, இரு மாநில அரசுகளும் ஏற்ற பிறகன்றோ, 1960 ஏப்ரல் 1 அன்று நம்மோடு இணைந்தது! சித்தூரை இழந்த வலி நமக்கு இருந்தது. எனினும் பேசித் தீர்த்தோம்.

ஆகவே நாம் கேட்பது ஒரு சொல்திருத்தம். 3ஆம் பிரிவில் மாநிலத்தின் 'கருத்து' என்றிருக்கும் இடத்தில் 'இசைவு' என்று எழுதுங்கள். ஆஸ்திரேலியர் 1901லேயே எழுதிக்கொண்ட சொல் அது.