சிம்மரிட் பூச்சைப் பிள்ளைகளின் கையால்தான் பூச வேண்டும்



போன கிழமை நாங்கள் போட்ட படத்துக்குக் கீழே வந்த கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத நேரம் கிடைக்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் இருந்தது 1/16 அளவில் நாங்கள் செய்துகொண்டிருக்கும் ஜேர்மன் டைகர் டாங்கியின் மொடல். பீரங்கிக் குழலோடு சேர்த்து அரை மீற்றருக்குச் சற்றுக் கூட வரும். (பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளித்த பெரியவர்களும் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் அந்தப் பெயர் அப்படி. ஜேர்மன்காரன் 1942இல் வைத்த பெயருக்கு நாங்கள் என்ன செய்வது!) அதன் பக்கங்களில் வரி வரியாக இருந்ததைப் பார்த்து ஒருவர் "பெயின்ட் வழிஞ்சி போச்சா சேர்?" என்று கேட்டார். ஒரு பிள்ளையின் வாப்பா, முப்பது வருட யுத்தத்தைக் கண்ட ஊரில் பிள்ளைகளுக்கு ஏன் இந்த யுத்த விளையாட்டு என்று கேட்டிருந்தார். இன்னொரு காக்கா, அந்த வரிகள் அச்சில் வார்த்த தகடாகவே விற்கிறதே, ஒட்டினால் ஒரு மணித்தியாலத்தில் முடியும் வேலைக்கு ஏன் ஒரு மாதம் என்று கேட்டார். கடைசி இரண்டு கேள்விகளுக்கும் எங்களிடம் ஒரே பதில்தான் இருக்கிறது.

முதலில் அந்த வரிகள். பெயின்ட் வழியவில்லை. அது சிம்மரிட் என்ற பூச்சு. 1943இன் பிற்பகுதியிலிருந்து ஜேர்மன் டாங்கிகளில் தொழிற்சாலையிலேயே பூசினார்கள். காந்தத்தால் ஒட்டும் வெடிகுண்டை எதிரிப் படைவீரன் ஓடிவந்து டாங்கியில் ஒட்டிவிட்டு ஓடாமல் இருக்கத்தான் அது. காந்தத்தைத் தடுக்கும் பூச்சு என்று சொல்லுவார்கள், ஆனால் அந்தச் சொல்லே சரியில்லை. அதில் காந்தத்தைத் தடுக்கும் பொருள் எதுவுமே கிடையாது. பேரியம் சல்பேற்று, நாக சல்பைட்டு, காவிநிறம் கொடுக்கும் ஓக்கர், மரத்தூள், எல்லாவற்றையும் பிடித்து வைக்கப் பொலிவைனைல் அசற்றேற்று. கடைசியில் சொன்னது தச்சுவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையில் இருக்கும் அதே பொருள்.

அப்படியென்றால் எப்படி வேலை செய்தது? வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கழற்றுங்கள். கதவுக்கும் காந்தத்துக்கும் இடையில் கொப்பித் தாளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் காந்தம் வழுக்கி விழும். தாளுக்கு ஒரு சக்தியும் இல்லை, தூரம்தான் கூடியது. சிம்மரிட்டும் அவ்வளவுதான். வரி வரியாக இழுத்ததால் குறைந்த பசையில் கூடிய இடைவெளி கிடைத்தது. காந்தம் வரிகளின் முகட்டில் மட்டும்தான் தொட முடிந்தது. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதைக் கரும்பலகையில் விளங்கப்படுத்துவதைவிட, விரலால் ஒரு வரி இழுக்க வைத்தால் சீக்கிரம் விளங்குகிறது. இது நாங்கள் கண்ட அனுபவம்.

இனித்தான் முக்கியமான விஷயம். அந்த வகைக் காந்தக் குண்டைப் பெரிய அளவில் செய்து படைவீரர்களிடம் கொடுத்ததே ஜேர்மனிதான். மூன்று காந்தக் கால்கள் வைத்த குண்டு அது. நாம் செய்ததை அவர்களும் பார்த்துச் செய்துவிடுவார்களே என்ற பயத்தில்தான் தங்கள் டாங்கிகளுக்கே இந்தப் பூச்சைப் பூசினார்கள். எதிர்த்தரப்புப் படைகளோ டாங்கிகளுக்கு எதிராக அப்படியொரு குண்டைப் பரவலாகப் பாவிக்கவே இல்லை. வராத எதிரிக்காக ஆயிரக்கணக்கான வாகனங்களில் மாதக்கணக்காகப் பசை பூசியிருக்கிறார்கள்.

நிறுத்திய கதை இன்னும் விசித்திரம். குண்டு பட்டால் இந்தப் பூச்சு தீப்பிடிக்கிறது என்று ஒரு வதந்தி கிளம்பியது. 1944 செப்டம்பரில் பூச வேண்டாம் என்று உத்தரவு வந்துவிட்டது. சோதித்துப் பார்த்ததில் வதந்தி பொய் என்று தெரிந்தது. ஆனாலும் உத்தரவை யாரும் திருப்பி எடுக்கவில்லை. இதைச் சொன்னபோது ஒரு பெரிய பிள்ளை, "அம்பாறைக் கதை மாதிரி" என்றான். 2018இல் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை என்று கிளப்பிவிட்ட அன்றே கடையையும் பள்ளியையும் உடைத்தார்கள். அது வெறும் மாவுதான் என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பிறகுதான் வந்தது. நாங்கள் அந்த ஒப்பீட்டைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த வாப்பாவுக்கு எங்கள் பதில் இதுதான். உங்கள் பயம் நியாயமானது. வீடியோக்களில் டைகர் டாங்கியை யாராலும் வெல்ல முடியாத இயந்திரம் என்று இசை போட்டுக் காட்டுகிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். நாங்கள் வேண்டாம் என்றால் அவர்கள் அந்த வீடியோவோடேயே நின்றுவிடுவார்கள். பூச்சில் கை வைத்த பிள்ளைக்கு அந்த மயக்கம் கொஞ்சம் இறங்குகிறது. 57 தொன் இரும்பு, ஒரு மனிதன் ஓடிவந்து ஒட்டும் குண்டுக்குப் பயந்து மரத்தூள் பூசிக்கொண்டு நின்றது என்பதை அவன் கையே அவனுக்குச் சொல்கிறது.

வேலையின் விபரம் கேட்டவர்களுக்காக: இரண்டு பகுதி எபொக்சி புட்டியைச் சம அளவில் எடுத்துக் கையுறை போட்டுப் பிசைகிறோம். பவுடர் தூவி, போத்தலால் மெல்லிசாக உருட்டி, சாண்ட் பேப்பர் போட்ட பிளாஸ்டிக்கில் அழுத்தி ஒட்டுகிறோம். பிறகு மெல்லிய வாள் அலகின் துண்டைத் தண்ணீரில் நனைத்து வரி வரியாக அழுத்துகிறோம். நம் ஊர்ச் சூட்டில் பெட்டியில் போட்ட நேரத்துக்கு முன்னரே புட்டி இறுகிவிடுகிறது, அதனால் ஒரு தடவைக்கு உள்ளங்கை அளவுதான். முதல் முயற்சியில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் பூசிவிட்டோம். ஒரு மகள் கணக்குப் போட்டு, "சேர், உண்மையான டாங்கியில இது 16 மில்லிமீற்றர்" என்றாள். முழுவதையும் சுரண்டி எடுத்தோம். மனிதனின் கை எட்டும் பக்கங்களில்தான் பூச வேண்டும், சக்கரத்திலும் சங்கிலியிலும் கூடாது. இங்கிலாந்தின் பொவிங்டன் நூதனசாலையில் இன்றும் ஓடும் டைகர் 131ஐப் பார்த்துச் செய்பவர்கள் பூசவே தேவையில்லை. அது 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிடிபட்டது, பூச்சு வருவதற்கு முன்பு. 'ஃபியூரி' படத்தில் வருவதும் அதே டாங்கிதான்.

தகடு விற்கிறதே என்ற காக்காவுக்கு: தகட்டில் எல்லா வரியும் ஒரே நேராக இருக்கும். பழைய படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் வரி சரிந்திருக்கும், ஓரிடத்தில் இரண்டு வரி ஒன்றாகிவிட்டிருக்கும், மூலையில் அவசரமாக இழுத்துவிட்டிருப்பார்கள். ஏதோ ஒரு மனிதக் கை சலித்த இடம் அது. டைகரைச் செய்தது கசெல் நகரத்தின் ஹென்ஷெல் தொழிற்சாலை. பிடித்துக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டவர்களையும் போர்க்கைதிகளையும் அங்கே கட்டாயமாக வேலை வாங்கினார்கள். மொடல் பெட்டியின் மேல் வரைந்திருக்கும் அழகான சித்திரத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள். பெட்டிக்குள் வரும் கொமாண்டர் பொம்மையும் அவர்களில் ஒருவரல்ல. பிள்ளையின் வரி கோணலாக வந்தால் நாங்கள் அழிக்கச் சொல்வதில்லை. யார் இழுத்த வரியாக இருக்கும் என்று மட்டும் கேட்கிறோம்.

போட்டிக்கு அனுப்பப்போகிறவர்கள் தகடு வாங்குவதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை. கண்பார்வை குறைந்தவர்களும் வாங்கட்டும். பிள்ளைகளோடு செய்யும்போது வேண்டாம் என்பதுதான் எங்கள் நிலைப்பாடு. அதேபோல, பெட்டிக்குள் வரும் ஸ்டிக்கர்களில் நாசிச் சின்னம் ஏதும் இருந்தால் ஒட்டுவதில்லை. அது பற்றி விவாதிக்க விரும்புபவர்கள் நேரில் வாருங்கள்.

வலப்பக்கம் முடிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். இடப்பக்கமும் பின்தகடும் மிச்சம் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ் இந்தச் சனிக்கிழமை லுஹருக்குப் பிறகு தொடங்குகிறோம். அந்தக் கேள்வியைக் கேட்ட வாப்பாவும் மகனோடு வந்தால் சந்தோஷம். பழைய வாள் அலகு வீட்டில் கிடந்தால் யாராவது கொண்டுவாருங்கள், எங்களுடையது முறிந்துவிட்டது.