முழங்கை உயரம்

"சிவில் படிக்கிற பையன் வீட்டுல இருக்கான், அப்புறம் எதுக்குக் கொத்தனார்?"

அப்பா விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டேன்! இரண்டாம் ஆண்டு முடிந்து லீவு விட்டிருந்த நேரம். எங்கள் சமையலறை எட்டுக்கு ஏழு அடி. ஒரே ஒரு சின்ன ஜன்னல். தரையில் அடுப்பு, தரையில் அரிவாள்மணை, தரையில் அம்மி. அம்மா இருபது வருஷமாகக் குனிந்தும் குத்துக்காலிட்டும் சமைத்த இடம். ராத்திரியானால் இடுப்புக்குத் தைலம் தடவாமல் படுத்ததில்லை. ஒரு மேடை கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

நண்பர்களே! என் சாதனையைச் சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. நான் செய்த ஒரு தப்பையும், அதிலிருந்து எனக்குத் தோன்றிய ஒரு கருத்தையும் உங்கள் முன் வைக்கிறேன்.

லேபில் நாம் இங்கிலீஷ் பாண்டு, ஃபிளெமிஷ் பாண்டு என்று செங்கலைச் சாந்தில்லாமல் அடுக்கிப் பார்த்துப் பிரித்ததோடு சரி. வீட்டில் ஒன்றுக்கு ஆறு கலவை போட்டுக் கரண்டியைப் பிடித்தபோதுதான் படித்தது எல்லாம் கைக்குப் புரிந்தது. செங்கலை ஊறப் போடாவிட்டால் அது சாந்திலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆனால் முதல் நாள் ஊறப் போட மறந்துவிட்டேன்! மறுநாள் செங்கல் கையோடு வந்தது. அடுத்துக் கட்டிய தாங்கு சுவர் சாய்ந்து நின்றது. எங்கள் தெருக் கொத்தனார் பெரியவர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நூல் கட்டாமக் கட்டினா சுவரு உன் பேச்சைக் கேக்காது தம்பி." பிரித்துக் கட்டினேன். கடப்பாக் கல்லை ஏற்ற நாலு பேர் வந்தார்கள். ஒரு வாரம் தண்ணீர் விட்டேன். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். சொந்தக்காரர்கள் எல்லாம் "இன்ஜினியர்!" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாவது நாள் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அம்மா ஒரு மணைப்பலகை மேல் ஏறி நின்று கொதிக்கிற சோற்றுப் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தார். பலகை ஆடிக்கொண்டிருந்தது. காய் நறுக்க மறுபடியும் அரிவாள்மணையோடு தரைக்கே போய்விட்டிருந்தார். "ஏம்மா?" என்றேன். "மேடை நல்லாத்தாம்பா இருக்கு. எனக்குத்தான் எட்டல" என்றார்.

கால் தவறியிருந்தால்? இன்றைக்கும் நினைத்தால் உடம்பு பதறுகிறது.

மேடை உயரம் 34 அங்குலம். அந்த அளவு எங்கிருந்து வந்தது தெரியுமா? பக்கத்து வீட்டு மேடையை டேப் வைத்து அளந்து வந்தேன்! லெவலிங் கருவியை வைத்துக் காலேஜ் மைதானத்தையே அளந்தவன், வீட்டில் இருக்கும் அம்மாவை அளக்கவில்லை. என் அம்மா நாலடி பத்து அங்குலம். தரையிலிருந்து அவர் முழங்கை 36 அங்குலம். நின்று வேலை செய்யும் மேடை முழங்கைக்கு நாலிலிருந்து ஆறு அங்குலம் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அடுப்பு வைக்கும் இடம் இன்னும் தாழ வேண்டும். ஏனென்றால் அடுப்பின் உயரமும் பானையின் உயரமும் அதற்கு மேல் சேர்கிறது.

கல்லை இறக்கினோம். செங்கல் ஒரு வரி சாந்தோடு சேர்ந்து மூன்றரை அங்குலம். நறுக்கும் பக்கம் ஒரு வரியை எடுத்தேன், முப்பதரை. அடுப்புப் பக்கம் இரண்டு வரி, 27. அங்கேயும் ஒரு சிக்கல்! அடுப்புக்குக் கீழே சிலிண்டர் போனது, ஆனால் ரெகுலேட்டரைத் திருகக் கை போகவில்லை. அதனால் சிலிண்டரை உயரமான பக்கத்துக்கு மாற்றினேன். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஜன்னல் மட்டும் போதாது என்று தரையை ஒட்டி இரண்டு செங்கல் அளவுக்குத் துளை விட்டு, எலி வராமல் கம்பி வலை அடித்தேன். மிக்ஸிக்கான பிளக்கிலும் எர்த் கம்பியிலும் நான் கை வைக்கவில்லை, வயர்மேனைக் கூப்பிட்டோம். தானே செய்வது என்றால் எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்திருப்பதும்தானே!

1926-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான் இடம். சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது அமைந்தது. அவருக்கு அப்போது சமையல் பழக்கம் கிடையாது. தெரியாது என்பதால் சும்மா விடவில்லை; எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், எத்தனை நடை என்று கணக்குப் பார்த்து அதன் பிறகே கோடு போட்டார். நமக்கும் சமையல் தெரியாது. ஆனால் நாம் கணக்குப் பார்ப்பதில்லை, கேட்பதும் இல்லை!

என் கருத்து இதுதான். ஹால் கட்டும்போது பத்துப் பேரிடம் யோசனை கேட்கிறோம். சமையலறைக்கு மட்டும் மிச்சமான இடம், மிச்சமான டைல்ஸ், மிச்சமான காசு. அதில் நாள் முழுக்க நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பது கிடையாது. நாளை நாம்தான் சைட்டில் நிற்கப்போகிறோம். பிளானைக் கையில் எடுக்கும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு, அங்கே வேலை செய்யப்போகிறவரின் முழங்கையிடம் போக வேண்டும். இந்தப் புத்தி வர நம் வீட்டு அடுப்படியைவிட நல்ல லேப் இல்லை.

இதை வகுப்பில் பெருமையாகச் சொன்னபோது ஒரு தோழி கேட்டாள்: "அம்மா உயரத்துக்கு அளந்தே, சரி. உன் உயரத்துக்கு ஏன் அளக்கல? நீ சமைக்கவே மாட்டியா?"

பதில் இல்லை. மேடையை மறுபடி இடிக்கவும் முடியாது! இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் காய் நறுக்குவது நான்தான். ஐந்தடி ஏழு அங்குலத்துக்கு அந்த மேடை தாழ்வு. அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இருபது வருஷம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அம்மா தைல பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சிரிக்கிறார்.

நண்பர்களே, இந்த லீவுக்கு ஊருக்குப் போனதும் உங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். டேப்பை மறக்காதீர்கள்!

— மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு