சர்நேம் கட்டமும் மச்சினன் பேட்ச்சும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு போன். "சுந்தரம் இருக்கானா?" என்று இந்தியில் ஒரு பொடியன் குரல். "நான் சுந்தரம்தான் பேசறேன், சொல்லுப்பா" என்றேன். "நீங்க இல்லை அங்கிள், உங்க பையன்" என்றான்.

வடக்கே பிள்ளை வளர்க்கும் எல்லாத் தமிழ் வீட்டிலும் இந்தக் காமெடி உண்டு. இங்கே குஜராத்தில் ஒரு பெயருக்கு மூன்று கட்டம்: குடும்பப் பெயர், சொந்தப் பெயர், அப்பா பெயர். நம்மிடம் இருப்பதோ இரண்டுதான். கோவில்பட்டியில் ஒரே ஒரு இனிஷியலோடு முடிந்துபோன சமாச்சாரம், அகமதாபாத் வந்ததும் பெரிய வில்லங்கமாகிவிடும். சர்நேம் இல்லை என்று சொன்னால் பள்ளி கிளார்க் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். கம்ப்யூட்டரும் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மேலே போகாது. கடைசியில் அவரே அப்பா பெயரை அதில் போட்டு "ஹோ கயா" என்பார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் என் பையன் பெயர் சுந்தரம்.

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. பெயர் சரி. கட்டம் மட்டும்தான் தப்பு.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இதே விஷயத்தில் நானே ஒரு தப்பு செய்திருக்கிறேன். கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011இல் இதே மாநிலத்தில் வேறு ஒரு கிளையில் இருந்தேன். பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த நம்ம ஊர்க்காரர் ஒருவர் கணக்குத் தொடங்க வந்தார். முருகேசன் என்று வைத்துக்கொள்வோம், அப்பா கருப்பையா. கிளார்க் சர்நேம் கட்டத்தில் கருப்பையாவைப் போட்டு எனக்கு அனுப்பினார். வங்கியில் மேக்கர், செக்கர் என்று இரண்டு பேர் உண்டு. ஒருவர் பதிய வேண்டும், இன்னொருவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். நான் செக்கர். அடையாளச் சான்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன், எல்லாம் சரி. பட்டனைத் தட்டிவிட்டு அடுத்த ஃபாரத்துக்குப் போய்விட்டேன்.

சில வருஷம் கழித்து அவர் தவறிப்போனார். நாமினி போடவில்லை. மனைவி வந்து நின்றபோது அவருடைய அட்டையில் சர்நேம் முருகேசன், கணவர் கணக்கில் சர்நேம் கருப்பையா. "இரண்டு பேரும் வேற வேற குடும்பமா இருக்கே" என்று கவுண்டரில் கேட்டிருக்கிறார்கள். ஊருக்குப் போய் வாரிசுச் சான்றிதழ், அஃபிடவிட், மொழிபெயர்ப்பு என்று எட்டு மாதம் அலைந்து, அவர் சேர்த்து வைத்த பணத்தை வாங்கினார் அந்த அம்மா. நான் அதற்குள் மாறுதலாகி வந்துவிட்டேன். பழைய சகா ஒருவர் போனில் சொல்லித்தான் தெரியும். "அந்த ஃபாரத்துல உங்க கையெழுத்துதான் இருந்துச்சு சார்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். புனேயில் இருக்கும் என் மச்சினன் பொங்கலுக்கு இங்கே வந்திருந்தான். கம்ப்யூட்டர் ஆசாமி. லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்த ஒரு கருவியில் வேலை. வந்ததிலிருந்து மூஞ்சி தொங்கிக்கொண்டிருந்தது. அவன் எழுதி அனுப்பிய ஒரு திருத்தத்தை (அவர்கள் பாஷையில் பேட்ச்) ஆறு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்களாம். என் மாமியாருக்கு ஒரே கவலை. "ஆறு தடவை திருப்பிட்டாங்களாமே, வேலைக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே மாப்பிள்ளை?" என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

"என்னதான் மாப்ளே அது?" என்று ராத்திரி மொட்டை மாடியில் கேட்டேன். நான் பி.காம். படித்தவன். அவன் சொன்னதில் எனக்குப் புரிந்ததை நம் பாஷையில் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் நினைவகத்தில் இருப்பதெல்லாம் வெறும் எண்கள். எட்டு பைட் இருக்கிறது என்றால் அது ஒரு தொகையா, ஒரு முகவரியா, எட்டு எழுத்தா என்று அதைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. எந்தக் கட்டத்தில் என்ன வகைச் சரக்கு இருக்கிறது என்று சொல்லும் குறிப்புக்குத்தான் டைப் தகவல் என்று பெயர். லெட்ஜரில் மேலே அச்சடித்திருக்கும் தலைப்பு வரி மாதிரி. புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும்போது அந்தத் தலைப்பு வரி போய்விடும். "24ஆவது பைட்டுக்குப் போ" என்பது மட்டும் மிஞ்சும். பிழை தேடுகிறவர்களுக்காகத் தலைப்புகளைத் தனியே எழுதி வைக்கும் முறைக்கு ட்வார்ஃப் என்று பெயர். ஆனால் அது யானை சைஸ்.

ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குள்ளேயே போய் வேவு பார்க்கும் சின்னச் சின்னப் புரோகிராம்கள் உண்டு, பி.பி.எஃப். என்பார்கள். கெர்னலின் ஒரு வெர்ஷனில் 24ஆவது பைட்டில் இருந்த விஷயம் அடுத்த வெர்ஷனில் 32க்கு நகர்ந்திருக்கலாம். பழைய இடத்தில் படித்தால் மெஷின் சண்டை போடாது. ஏதோ ஒரு எண்ணைக் கொடுக்கும். அது தப்பான எண் என்று யாருக்கும் தெரியாது. இதற்குக் கைகொடுப்பது, 2018இல் கெர்னலுக்கு வந்த பி.டி.எஃப். என்ற சுருக்கமான டைப் தகவல் முறை. 124 எம்.பி. ட்வார்ஃப் தகவலை ஒன்றரை எம்.பி.க்குச் சுருக்கிக் காட்டினார்கள். இப்போது வேவு புரோகிராம் இடத்தைச் சொல்லாமல் பெயரைச் சொல்லிக் கேட்கலாம். அது எங்கே இருக்கிறது என்று பி.டி.எஃப். காட்டிக்கொடுக்கும்.

இந்த மாற்றத்தைச் செய்யும் கருவியின் பெயர் பாஹோல். பிரேசில்காரர் அர்னால்டோ கார்வால்யோ டி மெலோ எழுதியது. 2007இல் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் இதைப் பற்றிக் கட்டுரை படித்திருக்கிறார். முதலில் அது வேறு வேலைக்காக வந்தது. தகவல் கட்டங்களுக்கு நடுவே உள்ள காலி இடங்களைக் கண்டுபிடிப்பதற்காக. ஒரு பைட் சரக்குக்குப் பிறகு எட்டு பைட் சரக்கு வந்தால், நடுவில் ஏழு பைட் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற இடம்தானே என்று விட முடியாது. அந்தக் கட்டத்தை அப்படியே வெளியே ஒரு புரோகிராமுக்கு நகல் எடுத்துக் கொடுத்தால், காலி இடத்தில் கிடந்த பழைய ரகசியமும் சேர்ந்து போய்விடும்.

இதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செக்கில் தொகை எழுதிவிட்டு மிச்ச இடத்தில் ஏன் கோடு போடுகிறோம்? அதே கதைதான்! காலி இடம் எப்போதும் யாருக்காவது வசதி.

இப்போது முக்கியமான இடம். மூன்று விவரம் வாங்கிக்கொள்ளும் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. நடுவில் உள்ளதை உள்ளே யாருமே பயன்படுத்தவில்லை என்று கம்பைலர் கண்டுகொண்டால் அதைச் சத்தமில்லாமல் நீக்கிவிடலாம். மூலத்தில் மூன்று என்று இருக்கும். நடைமுறையில் இரண்டுதான். இன்னொரு கேஸ்: ஒரே பெயரில் இரண்டு ஃபைல்களில் இரண்டு ஃபங்ஷன், வாங்கும் விவரங்கள் மட்டும் வேறு வேறு. டைப் தகவலில் எதை எழுதுவது?

2023இல் வந்த பாஹோல் 1.25இல் இதற்கு ஒரு வழி வந்தது. முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் அதை எழுதவே வேண்டாம், விட்டுவிடலாம். அதனால் நஷ்டமும் உண்டு. விட்டுப்போன ஃபங்ஷனை இந்த வழியில் வேவு பார்க்க முடியாது. இருந்தாலும் பொய்யான முழுமையைவிட உண்மையான குறை தேவலை என்று முடிவெடுத்தார்கள்.

மச்சினன் விஷயத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. ஆறு தடவையில் நான்கு தடவை சில்லறை விஷயம். விளக்கம் போதாது, ஒரு பேட்ச்சை இரண்டாகப் பிரி, இந்த மாதிரி. ஐந்தாவது தடவை ரிவ்யூ செய்தவர் ஒரே ஒரு வரி கேட்டிருந்தார்: "இந்த விவரம் தெரியாதபோது உங்கள் கோட் என்ன எழுதும்?" இவன் பார்த்தால், தெரியாதபோது ஏதோ ஒரு பொதுவான மதிப்பைப் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தது.

"எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆச்சு அத்தான். இதைப் போய் பிடிச்சுக்கிட்டு..." என்று இழுத்தான்.

நான் முருகேசன் கதையைச் சொன்னேன். அதற்கு முன்னால் என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். கிளம்பும் முன்பு ஏழாவது தடவைக்குத் திருத்திக்கொண்டிருந்தான்.

இனி என் கருத்து. சரிபார்ப்பது என்றால் எழுதியிருப்பது மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என்றுதான் நான் ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன். அது பாதி வேலை. நிரப்பப்பட்ட ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, "இது உண்மையிலேயே நமக்குத் தெரியுமா, இல்லை கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று எழுதினோமா?" என்று கேட்பதுதான் மிச்சப் பாதி. முதல் பாதியை மெஷினே செய்துவிடும். இரண்டாவதற்கு ஆள் வேண்டும்.

லினக்ஸ்காரர்கள் இதை மரியாதையாக வைத்திருக்கிறார்கள். 2004 முதல், பேட்ச் தருகிறவர் தன் பெயரில் கையெழுத்து வரி போட வேண்டும் என்று விதி. பரிசீலித்தவர் பெயரும் தனி வரியில் ஏறலாம். அந்த வரிக்கு அர்த்தம் என்ன என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்: நான் இதைத் தொழில்நுட்ப ரீதியாகப் பார்த்தேன், என் சந்தேகங்களைச் சொன்னேன், கிடைத்த பதிலில் திருப்தி, இதைச் சேர்க்கலாம், ஆனால் இதில் தப்பே இருக்காது என்று உத்தரவாதம் தரவில்லை. எவ்வளவு நேர்மையான கையெழுத்து! நாங்கள் வவுச்சரில் கிறுக்கும் இனிஷியலுக்கு இப்படி ஒரு அர்த்தத்தை யாரும் எங்களுக்குச் சொல்லித்தந்ததில்லை.

மறுபக்கமும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. கமாவுக்கும் காலி வரிக்கும் ஃபாரத்தைத் திருப்பி அனுப்பி அதிகாரம் காட்டும் மேனேஜர்களை நானும் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் உலகத்திலும் அவர்கள் இருப்பார்கள். குறை கண்டுபிடிப்பது வேறு, சரிபார்ப்பது வேறு. காலியாக விடுவதற்கும் விலை உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள விசிட் விசாக்காரர்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தபோது நம் மக்கள் பட்ட பாடு தெரியும். பிறகு இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. கட்டத்தை வடிவமைத்தவர் "இல்லை" என்பதையும் ஒரு பதிலாக ஏற்றுக்கொள்ளாவிட்டால், பாவம் நிரப்புகிறவர் என்ன செய்வார்?

ஆனாலும் பாரம் செக்கர் மேல்தான். இப்போது ஏ.ஐ. வந்து நிமிஷத்தில் நூறு வரி எழுதித் தருகிறது. தெரியாததையும் தெரிந்த மாதிரியே எழுதுகிறது. மேக்கர் வேகம் பத்து மடங்கானால் செக்கருக்கு நேரம் கூட்டித் தர வேண்டாமா? எங்கள் வங்கியாகட்டும், மச்சினன் கம்பெனியாகட்டும், வருஷக் கடைசியில் கேட்பது "என்ன புதுசா செஞ்சே?" என்றுதான். "எதைத் தடுத்தே?" என்று கேட்பதில்லை. தடுத்தது கணக்கில் வராது, ஏனென்றால் நடக்காமல் போன விபத்துக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது.

நம் வீடுகளில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் இந்தத் துறையில்தான் இருக்கிறார்கள். "இன்னைக்கு என்ன வேலை?" என்று கேட்டு "ரிவ்யூ பண்ணினேன்" என்று பதில் வந்தால், "அவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கேயோ ஒரு அம்மா எட்டு மாதம் அலையாமல் இருக்க அந்த வேலை காரணமாக இருக்கலாம்.

ஏழாவது தடவை மச்சினன் பேட்ச்சை ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒற்றை வரி கேள்வி கேட்டவர் பெயர் அதில் பரிசீலித்தவராக ஏறியிருக்கிறது. மாமியாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்பாடா, வேலை தப்பிச்சுது" என்றார்.

டிஸ்கி: பையன் பள்ளியில் பெயரைத் திருத்த விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அந்த ஃபாரத்திலும் சர்நேம் கட்டம் இருக்கிறது. காலியாக விட்டு, குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறேன். பார்ப்போம் :-)